தாடை மூட்டு முறிவும் பிளேட் பொருத்தும் அறுவை சிகிச்சையும்: கடலூர், புதுச்சேரிப் பகுதி நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

கீழே உள்ள கேள்விகள் எவையும் நானாக எழுதிக்கொண்டவை அல்ல. முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் சொற்களை விட்டபடி நோயாளிகளும், அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு உறவினர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டவை. அவர்களுக்குச் சொன்ன பதில்களைச் சற்று விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன்.

அடிபட்டது தாவாங்கட்டையில். முறிந்தது காதோரம் என்கிறீர்கள். அது எப்படி?

காதுத் துளைக்கு ஒரு விரற்கடை முன்னால் விரல்நுனியை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடினால், விரலடியில் ஓர் எலும்பு முன்னே உருண்டு போய் மறுபடி தன் இடத்துக்கு வருவது தெரியும். அதுதான் தாடை மூட்டின் தலை. மருத்துவர்கள் காண்டைல் என்பார்கள். கீழ்த்தாடை குதிரை லாடம் போல வளைந்த ஒரே எலும்பு. அதன் இரு முனைகளும் மேலே எழும்பி, மெலிந்த ஒரு கழுத்தாகி, அந்தக் கழுத்தின் மேல் இந்தத் தலை உட்கார்ந்திருக்கிறது. முன்னால் தாவாங்கட்டையில் விழும் அடியின் விசை லாடத்தின் இரு கைகள் வழியாகப் பின்னோக்கி ஓடி, எலும்பு எங்கே மிக மெலிந்திருக்கிறதோ அங்கே, அதாவது கழுத்தில், அதை முறிக்கிறது. ஒரு வகையில் இது நன்மைக்குத்தான். அந்தக் கழுத்து முறியாமல் உறுதியாக நின்றால், அதே விசை மூட்டின் கூரையைத் துளைத்து மூளைக்குப் போயிருக்கக்கூடும்.

பக்கவாட்டில் அடிபட்டால் எதிர்ப்பக்கக் கழுத்து முறிவதுண்டு. அணிவகுப்பில் நெடுநேரம் நின்ற காவலர் மயங்கி, கையை ஊன்றாமல் முகம் குப்புற விழும்போது தாவாங்கட்டையோடு இரு பக்கக் கழுத்தும் சேர்ந்து முறிவது பாடநூல்களில் தனிப் பெயர் பெற்ற காயம். நம் பகுதியில் அணிவகுப்பை விட, பின்விளக்கு இல்லாமல் இரவில் சாலையோரம் நிற்கும் கரும்பு டிராக்டர்தான் அதற்குக் காரணமாகிறது.

ஆகவே தாவாங்கட்டை கிழிந்து தையல் போட வேண்டிவந்த ஒவ்வொருவருக்கும், குறிப்பாகக் குழந்தைக்கு, இரண்டு காதோரங்களையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். தையல் அழகாக ஆறிவிடும். கவனிக்காமல் விட்ட மூட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பேசும்.

மூட்டு முறிந்திருக்கலாம் என்று எப்படிச் சந்தேகிப்பது?

அடிபட்டவர் முதலில் சொல்வது வலியை அல்ல, “பல்லு சேர மாட்டேங்குது” என்பதைத்தான். நேற்று வரை ஒன்றோடொன்று பொருந்திய பற்கள் இன்று பொருந்தவில்லை என்றால், அதைவிடப் பெரிய அடையாளம் வேறில்லை. ஒரு பக்கம் முறிந்திருந்தால், அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் முதலில் முட்டிக்கொள்ளும். வாயைத் திறக்கும்போது தாவாங்கட்டை முறிந்த பக்கமாகவே ஒதுங்கும். இரு பக்கமும் முறிந்தால் கடைவாய்ப் பற்கள் மட்டும் தொட்டுக்கொண்டு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கும். காதோரம் வீக்கம், வாய் திறக்க முடியாமை, சில நேரம் காதிலிருந்து இரத்தம் ஆகியவையும் உண்டு. காது இரத்தம் மூட்டுக்குப் பின்னால் உள்ள செவிக்குழாயின் தோல் கிழிந்ததால் வந்திருக்கலாம். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தும் வந்திருக்கலாம். எது என்று தெரியும் வரை மண்டையோட்டு முறிவாகவே கொள்ள வேண்டும்.

மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், வாந்தி, இரட்டைப் பார்வை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாடையைப் பற்றிய பேச்சே அப்புறம், 108-ஐ அழைக்கவும்.

எக்ஸ்ரே போதாதா, சி.டி. ஸ்கேன் எதற்கு?

தாடை முழுவதையும் ஒரே படமாக விரித்துக் காட்டும் ஓ.பி.ஜி. பெரும்பாலான முறிவுகளைக் காட்டிவிடும். ஆனால் உடைந்த துண்டு உட்பக்கமாக எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, மூட்டின் தலையே இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. பிளேட், அதாவது முறிந்த எலும்பைத் திருகுகளால் பிணைக்கும் உலோகத் தகடு, போடுவதா வேண்டாமா என்ற முடிவு அந்த விவரங்களில்தான் நிற்கிறது என்பதால் சி.டி. எடுக்கிறோம்.

மூட்டு முறிந்தால் எல்லாருக்கும் பிளேட் போட்டே ஆக வேண்டுமா?

இல்லை. இந்த முறிவைப் போல அறுவை மருத்துவர்கள் தமக்குள் நெடுங்காலம் வாதாடிய முறிவு முகத்தில் வேறில்லை. ஒரு தரப்பு, பற்களில் வளைகம்பி கட்டி, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஒன்று முதல் மூன்று வாரம் வரை சேர்த்துப் பிணைத்துவிட்டு, பிறகு ரப்பர் வளையங்களாலும் பயிற்சியாலும் தாடையைப் பழக்கினால் போதும் என்றது. இன்னொரு தரப்பு, விலகிய எலும்பை நேரே பார்த்துத் தன் இடத்தில் வைத்துப் பிளேட் போட வேண்டும் என்றது. ஐரோப்பிய மருத்துவமனைகளை மையமாகக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், துண்டு 10 முதல் 45 பாகை வரை சாய்ந்தவர்களையும், தாடையின் உயரம் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்தவர்களையும் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். இரு முறைகளிலும் பலன் ஏற்கத்தக்கதாகவே இருந்தது. ஆனால் வாய் திறக்கும் அளவு, வலி, கடிப்பு (மேல் கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) ஆகியவற்றில் அறுவை செய்துகொண்டவர்கள் மேலாக இருந்தார்கள்.

நான் நோயாளியிடம் இப்படிச் சொல்வதுண்டு: எலும்பு விலகவில்லை, பற்களும் பொருந்துகின்றன என்றால் கத்திக்கு வேலை இல்லை, கூழும் பயிற்சியும் போதும். துண்டு நன்றாகச் சாய்ந்து, தாடை குட்டையாகி, ரப்பர் போட்டு இழுத்தும் கடிப்பு சரியாகாவிட்டால் பிளேட் நல்லது. இரு பக்கமும் முறிந்து, கூடவே மேல்தாடையும் நொறுங்கியிருந்தால், முகத்தின் உயரத்தை எதை வைத்து அளப்பது என்பதே தெரியாமல் போவதால், ஒரு பக்கத்து மூட்டையாவது நிமிர்த்தி நிறுத்தியாக வேண்டும். மூட்டின் தலை மண்டையோட்டுக்குள் ஏறிவிட்டாலோ, வெளிப்பொருள் ஏதேனும் மூட்டுக்குள் புகுந்திருந்தாலோ யாரும் வாதாடுவதில்லை; திறந்தே ஆக வேண்டும். வலிப்பு நோய் உள்ளவருக்கும், அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கும் வாயைக் கம்பியால் மூடிவைப்பது ஆபத்து என்பதால் அவர்களுக்கும் பிளேட்டின் பக்கமே தராசு சாயும்.

எக்ஸ்ரேயில் எலும்பு அழகாக ஒட்டியிருப்பது எனக்கு இரண்டாம்பட்சம். கடித்தால் பல் சேர வேண்டும், திறந்தால் வாய் நேராகத் திறக்க வேண்டும். பிளேட் போடுவதே தாடையைச் சீக்கிரம் அசையவிட்டு இந்த இரண்டையும் மீட்பதற்குத்தான்.

புத்தூர் கட்டு போட்டால் சேராதா?

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேராகக் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவர், “கை காலுக்கு அங்கதான் போவோம் சார்” என்று தொடங்கி நிறுத்திக்கொள்வார். கை எலும்புக்கு மேலும் கீழும் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்ட முடியும். காண்டைலைச் சுற்றி எதையும் கட்ட இடமில்லை. அதோடு, மூட்டுத் தலையின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு தசை, முறிந்த துண்டை முன்னாலும் உள்ளேயும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது; மெல்லும் தசைகள் மீதித் தாடையை மேலே தூக்குகின்றன. தலையைச் சுற்றிப் போடும் துணிக்கட்டு இந்த இழுப்புகளில் ஒன்றையும் நிறுத்தாது. எண்ணெய் தடவி நீவுவது வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் கூட்டும்.

எங்கே போக வேண்டும்? எத்தனை நாளுக்குள்?

கடலூர்ப் பக்கம் விபத்து என்றால் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனை பெரும்பாலோருக்கு முதல் நிறுத்தம். முகத்தாடை அறுவைக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா பெயரில் அறியப்பட்டுப் பின்னர் தமிழக அரசின் சுகாதாரத் துறையின் கீழ் வந்த பல் மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரும், அதே பகுதியில் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. ‘பல் மருத்துவரா எலும்பு முறிவைப் பார்ப்பார்?’ என்று தயங்க வேண்டாம். வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை என்பது பல் மருத்துவத்தின் மேற்படிப்புப் பிரிவு, கடிப்பைச் சீர்செய்வதுதான் அதன் உயிர்.

தலைக்காயம் இல்லை என்றால் இது அன்றிரவே செய்ய வேண்டிய அறுவை அல்ல. வீக்கம் வடிய சில நாள் காத்திருப்பதும் உண்டு. ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டவிடக் கூடாது. அதற்குள் துண்டு தவறான இடத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடும், அதைப் பெயர்த்து நிமிர்த்துவது எங்களுக்கும் கடினம், முக நரம்புக்கும் நல்லதல்ல.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி எல்லை மாறிவிடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை, தமிழக எல்லைக்குள் விபத்துக்கு உள்ளானவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கிடைக்கும். எல்லைக்கு அந்தப்பக்கம் நடந்த விபத்துக்கு அது பொருந்தாது. ஆகவே விபத்து நடந்த இடத்தை மருத்துவமனைப் பதிவேட்டில் சரியாகச் சொல்லுங்கள், ஏ.ஆர். காப்பியை, அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலை, கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் இழப்பீட்டு வழக்கில் அந்த ஒற்றைத் தாள் இல்லாமல் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறுவை அரங்கில் என்னதான் செய்வீர்கள்?

முழு மயக்கத்தில் செய்கிறோம். மூச்சுக்குழாய் வாய் வழியாக அல்லாமல் மூக்கு வழியாகச் செலுத்தப்படும். இடையில் உங்கள் பற்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே காரணம்.

முறிவு கழுத்தின் அடிப்பகுதியில் இருந்தால், காது மடலுக்குக் கீழே தாடையின் பின்விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கீறல். மேலே, தலைக்கு அருகில் இருந்தால் காதுக்கு முன்னால் உள்ள மடிப்பில். சில முறிவுகளை வாய்க்குள்ளிருந்தே, சிறு கேமராக் குழாயின் உதவியோடு எட்டலாம். தோலைத் தாண்டியதும் உமிழ்நீர்ச் சுரப்பி, அதனுள் விரல்களாக விரிந்து ஓடும் முக நரம்பின் கிளைகள். இங்கே கத்தியை வைத்துவிட்டு, மழுங்கிய நுனியுள்ள இடுக்கியால் நரம்பின் போக்கிலேயே சதையை விலக்கிக்கொண்டு போகிறோம். வெளிறிய, நனைந்த நூல் போல ஒரு கிளை குறுக்கே தெரிந்தால் அரங்கில் பேச்சு நின்றுவிடும்.

எலும்பை அடைந்ததும், தாடைக் கோணத்தைக் கீழ்நோக்கி இழுத்து இடம் உண்டாக்கி, உள்ளே சரிந்து கிடக்கும் துண்டை வெளியே கொண்டுவந்து கழுத்தின் மேல் நிமிர்த்துகிறோம். அதன் உட்புறத்தில் ஓடும் தமனி கிழிந்தால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு என்பதால் இந்த இழுப்பில் அவசரம் கூடாது. பிறகு பற்களை அவற்றின் பழைய கடிப்பில் சேர்த்துக் கம்பியால் தற்காலிகமாகக் கட்டிவிட்டுப் பிளேட்டைப் பொருத்துகிறோம். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் பிளேட்டைப் போட்டுவிட்டுப் பிறகு கடிப்பைத் தேடினால் எலும்பு படத்தில் நேராகத் தெரியும், நோயாளியால் இட்லி கூட மெல்ல முடியாது. கடைசியில் கம்பியை அவிழ்த்து, தாடையைக் கையால் திறந்து மூடி, பற்கள் தாமாகவே அதே இடத்தில் வந்து உட்காருகின்றனவா என்று பார்த்த பின்பே தையல்.

ஒரு பிளேட்டா, இரண்டா? எந்த உலோகம்? பிற்பாடு எடுக்க வேண்டுமா?

டைட்டானியம். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன், திருகின் குறுக்களவு பெரும்பாலும் 2 மில்லிமீட்டர். தடித்த பிளேட்டால் எலும்பை இறுக்கி நசுக்க வேண்டியதில்லை, மெல்லும்போது எலும்பு எங்கே விரிகிறதோ அங்கே மெல்லிய பிளேட்டைப் போட்டால் போதும் என்ற எண்ணத்தை 1970-களில் நிலைநாட்டியவர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மருத்துவர் மாக்சிம் ஷாம்பி. புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தப் பிரெஞ்சுத் தொடர்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காண்டைலின் அடியில் அந்த விரியும் கோடு, தாடையின் மேல்விளிம்பில் உள்ள பிறை வடிவப் பள்ளத்தை ஒட்டி ஓடுகிறது. அங்கே ஒரு பிளேட், பின்விளிம்பில் இன்னொன்று என இரண்டு போடுவது உறுதியானது. அல்லது இரண்டின் வேலையையும் செய்யும் சரிவக வடிவப் பிளேட் ஒன்று. ஒற்றை மெல்லிய பிளேட்டை மட்டும் நம்பினால் அது வளையவோ உடையவோ, திருகு தளரவோ வாய்ப்புண்டு.

தொந்தரவு இல்லாதவரை எடுக்க வேண்டியதில்லை. சீழ் பிடித்தாலோ, திருகு தளர்ந்து உறுத்தினாலோ எடுக்கிறோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் தடையில்லை. ஸ்கேன் அறையில் பிளேட் இருப்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

முகம் கோணிவிடும் என்கிறார்களே?

இந்த பயத்தில்தான் பலர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போகிறார்கள். ஆதாரமில்லாத பயமும் அல்ல. நரம்புக் கிளை இழுபட்டால் கீழுதட்டின் ஓரம் இறங்காமலோ, நெற்றி சுருங்காமலோ, கண் முழுதாக மூடாமலோ சில வாரம் முதல் சில மாதம் வரை இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது திரும்பிவிடுகிறது. நிலையாகத் தங்கிவிடுவது அரிது. அரிது என்பதற்காகச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் கொள்கை. இன்னும் இரண்டு: சாப்பிடும்போது தையல் வழியே தெளிந்த நீர் கசிந்தால் அது உமிழ்நீர், அழுத்தக் கட்டுப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும், மாதங்கள் கழித்து, சாப்பிடும்போது மட்டும் காதோரக் கன்னம் வியர்த்தால் அது அறுந்த சிறு நரம்புகள் இடம் மாறி வளர்ந்ததால் வருவது, ஆபத்தில்லை.

என்ன சாப்பிடலாம்? பத்தியம் உண்டா?

முதல் சில நாள் நீராகாரம். பிறகு ஆறு வாரம் வரை மெல்லாமல் விழுங்கக் கூடியவை. கேழ்வரகுக் கூழ், குழைத்த ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பாலில் நனைந்த இடியாப்பம், மசித்த பருப்பு, அரைவேக்காட்டு ஆம்லெட் அல்ல, நன்றாக வெந்து மசித்த முட்டை. தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரின் மனைவி, சங்கரா மீனை வேகவைத்து, முள் ஒன்று விடாமல் விரலால் நசுக்கி எடுத்து, கஞ்சியில் கரைத்து ஊட்டியதைப் பார்த்தேன். உணவியல் நிபுணர் எழுதித் தரும் அட்டவணையை விட அது மேல்.

நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘பருப்பு சீழ் வைக்கும், மீன் ஆகாது, முட்டை சூடு, பால் சளி’ என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் வெறும் அரிசிக் கஞ்சியோடு நோயாளியை உட்கார வைத்துவிடுகிறார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். கழிக்கப்பட்ட அத்தனையும் புரதம். சர்க்கரை நோய் உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், பீடி சிகரெட்டை நிறுத்துவதும்தான் உண்மையான பத்தியம். முறுக்கு, முந்திரி, கரும்பு ஆகியவற்றுக்கு இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும். பண்ருட்டிப் பலாச்சுளை மெத்தென்று இருந்தாலும் மென்றுதான் தீர வேண்டும், அதுவும் காத்திருக்கட்டும்.

வாய் திறக்கும் பயிற்சி அவ்வளவு முக்கியமா?

ஆம். அறுவை செய்த தாடை ஓய்வில் இருந்தால் மூட்டைச் சுற்றித் தழும்பு இறுகி, பிளேட் சரியாக இருந்தும் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் நின்றுவிடும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, பொதுவாக முதல் வாரத்திலேயே, தொடங்க வேண்டும்.

கண்ணாடியில் மேலிருந்து கீழாக மூன்று ஸ்டிக்கர் பொட்டுகளை ஒரே கோட்டில் ஒட்டி, மேல் முன்பற்களின் நடுவை அதற்கு நேராக வைத்துக்கொண்டு, கீழ்ப்பற்களின் நடு கோட்டை விட்டு ஒதுங்காதபடி மெல்லத் திறந்து மூடுங்கள். ஒதுங்கினால் விரலால் தள்ளி நேராக்குங்கள். அடுத்து, கடையில் கட்டாக விற்கும் ஐஸ் குச்சிகள். ஒரு குச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இன்று எத்தனை குச்சிகள் பற்களுக்கிடையே நுழைகின்றனவோ அத்தனையை வைத்துச் சில நிமிடம் பொறுத்திருந்து, ஓரிரு நாளில் நடுவே இன்னொன்றைச் செருகுங்கள். நாள்தோறும் ஐந்தாறு முறை. 35 முதல் 40 மில்லிமீட்டர், அதாவது உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்கும் அளவு, இலக்கு. வலிக்கும், கண்ணீர் வரும் அளவுக்கு வலித்தால் அன்றைக்கு ஒரு குச்சியைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

குழந்தைக்கும் பிளேட் போடுவீர்களா?

பெரும்பாலும் இல்லை. வளரும் காண்டைலுக்குத் தன்னைத் தானே வடிவமைத்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. வலி மருந்து, மெல்லிய உணவு, தேவைப்பட்டால் சில நாள் ரப்பர், விரைவில் வாய் திறக்கும் பயிற்சி என்பதே வழி. ஆனால் பெற்றோர் இதை ‘ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மொட்டை மாடிப் படியில் விழுந்து தாவாங்கட்டையில் நான்கு தையல் போட்டுக்கொண்ட குழந்தை, ஏழெட்டு ஆண்டு கழித்து, மூட்டு எலும்போடு எலும்பாக இறுகி, கரண்டி நுனி கூட நுழையாத வாயோடும் வளராமல் நின்ற தாடையோடும் வருவதைக் கண்டிருக்கிறேன். அந்தத் தழும்பு மட்டும் மிகச் சன்னமாக, நன்றாக ஆறியிருந்தது. குழந்தைக்குப் பயிற்சியை விளையாட்டாக்குங்கள், மாதம் ஒருமுறை வாய் திறக்கும் அளவைக் குறித்துவையுங்கள், வளர்ச்சி முடியும் வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள்.

எப்போது வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம்?

மேசை வேலைக்கு இரண்டு வாரத்தில் போகலாம். பாரம் தூக்குபவர், கடலுக்குப் போகிறவர் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். படகில் கயிறு தெறித்தாலோ கால் வழுக்கினாலோ மறுபடியும் தாடைதான் வாங்கும். இருசக்கர வண்டியை மூன்று நான்கு வாரத்துக்குத் தொட வேண்டாம். அப்புறம் தொடும்போது, பாதி மண்டையை மட்டும் மூடும் தொப்பி போன்ற ஹெல்மெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, தாவாங்கட்டையையும் சேர்த்து மூடுகிற முழு ஹெல்மெட்டை வாங்குங்கள். புதுத் தழும்பில் பட்டை உரசினால் அடியில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம்.